கோர்ஸ் தீவில் கார் ஓட்டப் போகிறீர்களா? தெற்கிலிருந்து வடக்கே போங்கள்

பிரான்சில் சொந்தக்காரர் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் ஏராளம். அவர்களைப் பார்க்கப் போகும்போது நான்கைந்து நாள் ஒதுக்க முடிந்தால் கோர்ஸ் தீவுக்குப் போய்விட்டு வாருங்கள். வரைபடத்தில் கோர்சிகா என்று இருக்கும். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் எகிறிவிடும்.

பார்க்க வேண்டியது மேற்குக் கரை. அஜாக்சியோ, பியானா, போர்ட்டோ, கால்வி என்று டி81 சாலை போகிறது. பியானாவுக்கும் போர்ட்டோவுக்கும் நடுவில் கலான்க் எனும் செந்நிறப் பாறைகள் கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும். 1983இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பாறை மேற்கு பார்த்து இருப்பதால் மாலை வெயிலில்தான் அதன் நிறம் முழுசாகத் தெரியும்.

அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். அஜாக்சியோவிலிருந்து வடக்கே போனால் உங்கள் வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கடல். எதிரே பஸ் வந்தால் பாறையை ஒட்டி ஒதுங்கலாம். கால்வியிலிருந்து தெற்கே வந்தால் பள்ளத்தின் ஓரம் உங்களுடையது. கடலோரமாக நிறுத்திப் படம் எடுக்க அந்தத் திசைதான் வசதி, மறுப்பதற்கில்லை. ஆனாலும் முதல் முறை வலப்பக்கம் ஓட்டுகிறவருக்குத் தெற்கிலிருந்து வடக்கே போவதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

கிலோமீட்டரைப் பார்த்து நாளைத் திட்டமிடாதீர்கள். போர்ட்டோவிலிருந்து கால்வி சுமார் 80 கி.மீ. ஈசிஆரில் புதுச்சேரியிலிருந்து கல்பாக்கம் போகிற தூரம்தான். அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நின்று பார்த்தால் அரை நாள். சரிவில் இரண்டு வண்டி விலக இடமில்லை என்றால் இறங்கும் வண்டிதான் முதலில் நிற்க வேண்டும் என்பது பிரெஞ்சு விதி. இறங்கும்போது இரண்டாம் கியரில் விடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு குறையும்.

மாருதி ஓட்டிப் பழகிய கை இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போடும். அங்கே இண்டிகேட்டர் இடப்பக்கக் கம்பியில் இருக்கிறது. கியர் வலது கையில். பெடல் வரிசை மட்டும் மாறாது. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். வண்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

ரவுண்டானாவில் இடப்பக்கத்திலிருந்து சுற்றி வருகிறவருக்கு வழி விடுங்கள். பலகையே இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. நம் ஆட்கள் தடுமாறும் இடம் இதுதான்.

புறப்படும் முன் புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் 4ஏ படிவம் கொடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கட்டும். அதில்தான் கார் வாடகை நிறுவனம் வைப்புத்தொகையைப் பிடித்து வைக்கும். டெபிட் கார்டையோ மாமாவின் கார்டையோ நீட்டினால் பெரும்பாலும் சாவி கிடைக்காது.

வாடகை ஒப்பந்தத்தில் ‘ஃபிரான்ஷீஸ்’ என்றிருப்பது, சேதமானால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. டயர், கண்ணாடி, அடிப்பகுதி ஆகியவை சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது. மலைச்சாலையில் அடிபடுவதும் அவைதான். எடுக்கும்போதே நான்கு சக்கரம், கண்ணாடி, கூரை, பெட்ரோல் முள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் மார்செய் துறைமுக நகரில் எடுத்த காரைக் கப்பலில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவருவதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பெட்ரோல் ‘எஸ்பி95’, டீசல் ‘காசுவால்’. மூடியில் வட்டம் இருந்தால் பெட்ரோல், சதுரம் இருந்தால் டீசல். மாற்றிப் போட்டுவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். மலைக்குள் பெட்ரோல் பங்க்குகள் அரிது, அரை டேங்குக்குக் கீழே விடாதீர்கள்.

போர்ட்டோவிலிருந்து எவிசா பக்கம் ஏறினால் செஸ்ட்நட் காட்டில் பன்றிகளும் மாடுகளும் சாலையிலேயே படுத்திருக்கும். ஹாரனுக்கு நகராது. காத்திருங்கள். ஊர்ப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயரை மை பூசி அழித்திருப்பார்கள், அதனால் போர்ட்டோவுக்கு ‘போர்ட்டு’, போனிஃபாசியோவுக்கு ‘புனிஃபாசியு’ என்று கோர்ஸ் மொழிப் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள்.