ஒரு சாண் அகலத் துணியைப் பார்க்க ஒரு லண்டன் பயணம்

ரயில் நிலையக் கடையொன்றில் ஒரு ரொட்டித் துண்டுக்கும் ஆறிப்போன காப்பிக்கும் பிடுங்கிய பணத்தை ரூபாயாக்கிப் பார்த்த எரிச்சலோடுதான் லண்டன் ஒலிம்பிக் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025 மே மாத இறுதியில் திறந்த சேமிப்புக் கிடங்கில் நுழைவதற்கும் கட்டணமில்லை, உள்ளிருக்கும் பொருளை முன்பதிவு செய்து அருகிலிருந்து பார்ப்பதற்கும் கட்டணமில்லை என்பது, பவுண்டை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் என் போன்றோருக்குப் பெரிய ஆறுதல்.

நான் கேட்டிருந்தது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சிறுமியர் தைத்த 'பேண்ட் சாம்ப்ளர்' வகைத் துணி. ஆடைகளில் போடவேண்டிய தையல்களைப் பழகிப் பார்க்கும் மாதிரித் துணிதான் சாம்ப்ளர். அகலம் ஒரு சாண், நீளம் ஏறத்தாழ இரண்டு முழம். லினன் துணியில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக வெவ்வேறு தையல்கள். பட்டு நூலில் ரோஜாவும் ஸ்ட்ராபெரியும் ஓக் காய்களும் வரிசை கட்டுகின்றன. இடையே கையில் பரிசை ஏந்திய குட்டி மனிதர்கள் நடை போடுகிறார்கள். எழுத்து வரிசையில் ஜே, யூ இரண்டும் இல்லை. அக்காலத்தில் அவற்றின் வேலையையும் ஐ, வி ஆகியவையே பார்த்துவந்தன.

முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது வீண் என்பேன். பணியாளர் ஒரு முனையை மெல்லப் புரட்டிக் காட்டியபோது, பின்பக்கத்திலும் அதே கோலம், முடிச்சு ஒன்றுகூடத் தெரியாமல் இருந்தது! ஓட்டுத் தையலில் ஓர் இடைவெளி விட்டு ஓரிழை எடுத்துச் சென்று, திரும்பி வரும்போது விட்ட இடங்களை நிரப்புவதால் இரு பக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. கழுத்துப்பட்டை, கைப்பட்டை ஓரங்களில் இரு பக்கமும் வெளியே தெரியும் என்பதால் இந்தச் சிரமம். ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை அடியிலிருந்த வெள்ளைப் பட்டைகளே. துணியின் இழைகளை வெட்டியெடுத்து, எஞ்சிய சட்டத்துக்குள் வெறும் ஊசியால் வலைப்பின்னல் கட்டியிருக்கிறார்கள். ஓரிழை தவறி அறுந்தால் அந்தக் கட்டமே குலைந்துவிடும். வண்ணப் பூக்களைப் படமெடுத்துக்கொண்டு இதைத் தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

சூடாக்கி வேலை செய்யாத பேருந்தில் நடுங்கிக்கொண்டு கேம்பிரிட்ஜுக்கும் போனேன். அங்குள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகமும் இலவசம். அதன் சாம்ப்ளர்களில் பெரும்பங்கு, 1928இல் மறைந்த கிளேஷர் என்னும் கணித அறிஞர் விட்டுச் சென்றவை. இழைகளை எண்ணி எண்ணித் தைக்கும் இந்த வேலையில் கணிதக்காரர் மயங்கியதில் வியப்பில்லை. இத்துணிகளை அருகிலிருந்து பார்க்கச் செல்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்; புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.