கச்சான் சரையும் பாண் ஓட்டோவும்

கிளிநொச்சியில் ஒரு சின்ன அறையில், இரண்டு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டு, லேபல், பெயர்ப்பலகை, பேஸ்புக் விளம்பரம் என்று வருகிற வேலையெல்லாம் நாங்கள் மூன்று பேர் செய்கிறோம். ஏழு வருடமாகிறது. வேலை பழக வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதல் கிழமையே ஒரு கேள்வி கேட்பார்கள், "அண்ணை, உங்களுக்கு ஐடியா எங்கையிருந்து வருது?" அவர்களுக்கு நான் எப்போதும் ஒரு கச்சான் பக்கற்றின் கதையைத்தான் சொல்வேன்.

ஒட்டுசுட்டான் பக்கம் பெண்கள் சிலர் சேர்ந்து, தங்கள் நிலத்தில் விளைந்த கச்சானை வறுத்துப் பக்கற்றில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். பக்கற் செய்து தரச்சொல்லி வந்தார்கள். நான் மூன்று நாள் கணினிக்கு முன்னால் இருந்து, டிசைன் படங்கள் கிடைக்கிற பின்டரெஸ்ட், பிஹான்ஸ் இணையத்தளங்களைக் கிளறினேன். உலகத்துக் கச்சான் பக்கற் எல்லாம் கண்முன்னே வந்தது: மண்நிறக் காகிதம், மெல்லிய ஆங்கில எழுத்து, மூலையில் ஒரு இலை. அதையெல்லாம் பார்த்து அதே மாதிரி ஒன்றை நானும் செய்தேன். குழுவுக்குப் பொறுப்பான அக்கா அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுக்குள்ள கச்சான் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான் எழுத்தைக் காட்டினேன்.

"வாசிச்சாத் தெரியும். பஸ்ஸால இறங்கி ஓடி வாறவன் வாசிச்சுக்கொண்டு நிப்பானே?"

அவர்களுடைய கச்சானில் பெரும்பங்கு முறிகண்டிக் கடைகளுக்குப் போகிறது என்பது எனக்கு முதலே தெரியும். தெரிந்திருந்தும் அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட முறிகண்டியை நான் நினைக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் சின்ன வயதில் இருந்து அந்தக் கடைகளில் கச்சான் வாங்கித் தின்று வளர்ந்தவன் நான்.

அடுத்த நாள் பின்னேரம் அங்கே போய்க் கடைவரிசை ஓரமாக ஒரு வாங்கில் இருந்தேன். ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போவது குறைவு. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வருவார், சனமும் இறங்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் கச்சான் வியாபாரம் முழுக்க. பஸ் வந்து நின்றதும் ஒரு அம்மா தாச்சியில் மணலோடு கிடந்த கச்சானை அகப்பையால் பலமாகக் கிளறினார். அதுவரை மெதுவாகத்தான் கிளறிக்கொண்டிருந்தார். சரசரவென்று சத்தம் எழும்பியது, அதோடு வாசமும் எழும்பியது. இறங்கி வந்தவர்களின் உள்ளங்கையில், அவர்கள் கேட்பதற்கு முன்பே, சுடச்சுட நாலு கச்சான் விழுந்தது. கோதை உடைத்து வாயில் போட்டவர்கள் கையைப் பொக்கற்றுக்குள் விட்டார்கள். சுண்டால் அளந்து பக்கற்றில் கொட்டிய பிறகு மேலதிகமாக ஒரு பிடி, அதையும் அவர்கள் கண்முன்னேயே போட்டார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பொடியன் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஓமம்மா, முறிகண்டியில நிக்கிறன். ஓம் ஓம், கச்சான் வாங்கீற்றன்."

அதைக் கேட்டதும் எனக்கு விளங்கியது. முறிகண்டிக் கச்சானைத் தங்களுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் குறைவு. படலையடியில் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு, 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று கொடுக்கிற சாமான் அது. நான் செய்த பக்கற்றில் அதற்கு இடமே இல்லை.

பிறகு வேலை இரண்டு நாளில் முடிந்தது. உள்ளே இருப்பது தெரிகிற சாதாரண பொலித்தீன் பை, அதன் வாயில் மடித்துப் பின் அடித்த ஒரு அட்டை, அட்டையில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட ஒரு ஓட்டை, ஏனென்றால் முறிகண்டியில் பைகளைத் தட்டில் அடுக்குவதைவிடத் தொங்கவிடுவதுதான் அதிகம். அட்டையில் பெரிதாக ஒரே வரி: "வீட்டுக்கு ஒரு சரை". சரை என்றால் கடதாசியைக் கூம்பு மாதிரிச் சுருட்டிச் செய்கிற பொட்டலம். இப்போது கடதாசிச் சரை குறைந்துபோனாலும் கச்சான் என்றால் எங்கள் வாயில் சரை என்ற சொல்தான் வருகிறது. எழுத்தைக் கணினியில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே கலியாணக் கார்டில் இருந்து கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் வரைக்கும் பாமினி எழுத்துருதான். லொறிகளுக்கும் லாண்ட்மாஸ்டர் பெட்டிகளுக்கும் பெயர் எழுதுகிற ஒரு ஐயாவிடம் போய்த் தூரிகையால் எழுதி வாங்கினேன். அவர் 'ரை'யின் கொம்பை இழுத்துச் சுழற்றிய விதத்தில் அந்தச் சொல்லே ஒரு சரை மாதிரி இருந்தது. அதை ஸ்கான் பண்ணி அப்படியே போட்டேன். அக்காவிடம் கொண்டுபோனபோது அவர் வாசிக்கவில்லை. பையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இது சரி" என்றார்.

சொல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எங்களுக்கு ஊரறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2025 இல் ஆனையிறவு உப்பு 'ரஜ லுணு' என்ற சிங்களப் பெயரில் பக்கற்றில் வந்தபோது சனம் பொறுக்கவில்லை, ஆனையிறவு உப்பு என்ற பெயரே வேண்டும் என்று கேட்டது. வெளியில் இருந்து பார்த்தால் உப்புக்குப் பெயர் என்னவாக இருந்தால் என்ன என்று தோன்றலாம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அப்படித் தோன்றக்கூடாது. ஆனையிறவு என்பது ஒரு நிலம், அந்தப் பெயரோடு எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு எவ்வளவு வடிவான லேபலையும் ஒட்டமுடியாது.

அமெரிக்க விளம்பரக்காரர் ஜேம்ஸ் வெப் யங் 1940 இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். புதிய யோசனை என்பது பழைய விஷயங்கள் புது விதமாகச் சேர்வதுதான் என்பது அவருடைய கருத்து. சேர்ப்பதற்கு முதல் சேகரிக்க வேண்டும், விற்கிற சாமானைப் பற்றி மட்டுமில்லாமல் வாழ்க்கையில் காண்கிற எல்லாவற்றையும் சேகரிக்க வேண்டும் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கருத்து. ஆனால் இன்றைக்குக் கொழும்பில் இருக்கிறவரும் சென்னையில் இருக்கிறவரும் கிளிநொச்சியில் இருக்கிற நானும் ஒரே திரையில் ஒரே படங்களைத்தான் சேகரிக்கிறோம். ஒரே சாமானைச் சேகரித்தால் சேர்ந்து வருவதும் ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்காக வெளியில் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்குத் தண்ணீர் முறை அறிவிக்க ஒரு கமக்கார அமைப்புக்கு நோட்டீஸ் செய்தோம். உண்மையான வரைபடத்தில் வாய்க்கால்கள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகின்றன, ஒருவருக்கும் தன் வயல் எங்கே என்று பிடிபடவில்லை. அப்போது எனக்கு ஹரி பெக் நினைவுக்கு வந்தார். லண்டன் சுரங்க ரயிலில் படவரைஞராக இருந்தவர், 1931 இல் மின்சுற்றுப் படம் மாதிரி நேர்கோடுகளால் ரயில் பாதைகளை வரைந்து காட்டினார். முதலில் வேண்டாம் என்றார்கள், 1933 இல் அச்சிட்டுக் கொடுத்ததும் சனம் விரும்பி வாங்கியது. நாங்களும் இடதுகரை வாய்க்காலை நீலக் கோடாகவும் வலதுகரையைப் பச்சைக் கோடாகவும் நேராக இழுத்து, கிளை வாய்க்கால்களை ரயில் நிலையம் மாதிரிப் புள்ளி வைத்துக் காட்டினோம். கூட்டத்தில் ஒரு பெரியவர் விரலை வைத்துக் கோட்டின் மேல் இழுத்துக்கொண்டு போய்த் தன் புள்ளியில் நிறுத்தினார். லண்டன் ரயில் படம் அன்றைக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் காட்டியது.

பீத்தோவன் 1810 இல் எழுதிய 'ஃபூர் எலிஸ்' இசை எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு நாளும் விடியக் கேட்கும். ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்கிற ஓட்டோ வருகிறது என்று அர்த்தம். அந்த இசையின் பெயர் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை, அதைக் கேட்டால் பிள்ளைகளுக்குப் பணிஸ் நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான். ஒரே நேரம், ஒரே மெட்டு, வருடக்கணக்காக. ஓட்டோவில் மரக்கறி விற்கிற அண்ணை ஒருவர், தக்காளி விலையில் இருந்து எல்லாவற்றையும் கத்திச் சொல்கிற மாதிரி ஒரு ஒலிப்பதிவு கேட்டு வந்தபோது எனக்குப் பாண் ஓட்டோவும் கூத்தும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று ஒரு வரவுப் பாட்டோடுதான் களரிக்கு வரும். முகம் தெரிவதற்கு முதலே, பின்னால் பாயில் சாய்ந்து கிடக்கிற கிழவிக்கும் வருவது ஆரென்று தெரிந்துவிடும். "அண்ணை, உங்களுக்கு விலைப்பட்டியல் வேண்டாம், ஒரு வரவு செய்வம்" என்றேன்.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரிடம் போனோம். கோவலன் வரவின் மெட்டில் இரண்டு வரி கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "அது அம்மாளாச்சிக்கு ஆடுறது. மரக்கறிக்குத் தரமாட்டன்." பிறகு கொஞ்சநேரம் தொடையில் தாளம் போட்டுப் பார்த்து, அங்கேயே புதிதாக ஒரு மெட்டுக் கட்டித் தந்தார். அந்த மெட்டுத்தான் இப்போது ஓட்டோவில் போகிறது. சனம் கூப்பிடுவதற்கு முதலே கடகத்தோடு படலையில் வந்து நிற்கிறது என்று அண்ணை சொல்கிறார்.

அண்ணாவியார் சொன்னது எனக்குப் புதிதில்லை. தொழில் தொடங்கிய முதல் வருடம் ஒரு புடைவைக் கடையின் வருடக்கடைசி மலிவு விற்பனைக்குப் போஸ்டர் செய்தேன். வேலியெல்லாம் கார்த்திகைப்பூ பூத்திருந்த நேரம். நெருப்பு நாக்கு மாதிரிச் சிவப்பும் மஞ்சளுமான அந்தப் பூவைவிட வடிவான ஒன்று அந்த மாதத்தில் இந்த மண்ணில் இல்லை. அதை நடுவில் வைத்து, அதற்கு மேலே விலைக்கழிவு வீதத்தைப் போட்டேன். கடைக்கார ஐயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, என்ர ரெண்டு பிள்ளையளுக்கும் நான் இந்த மாதம்தான் விளக்குக் கொளுத்திறது. இதில விலை போட வேண்டாம்" என்றார். கடையை விட்டு வெளியே வந்து வெயிலுக்குள் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. நானும் இந்த மண்ணில் பிறந்தவன், கார்த்திகை போரில் இழந்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றுகிற மாதம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வேலை என்று வந்ததும் நிறமும் வடிவமும் மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கின்றன. அன்றிலிருந்து எதையாவது குறிப்பேட்டில் எழுதும்போது பக்கத்தில் இன்னொன்றும் எழுதுகிறேன்: இது ஆருடையது, ஆரிடம் கேட்க வேண்டும்.

இப்போது மேசையில் இருப்பது பாலைப்பழம். காட்டோரத்துக் குடும்பம் ஒன்று அதைக் கொழும்புக்கு அனுப்பப் பார்க்கிறது, பனையோலைப் பெட்டியில் போட்டு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பழம் தேன் மாதிரி இனிக்கும், ஆனால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் நாங்கள் வாயை மூடித் திறந்து, உதடு ஒட்டி ஒட்டிப் பிரிகிறதை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்போம், அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார். முதல் தடவை சாப்பிடுகிற கொழும்புப் பிள்ளை பயந்துவிடாமல் சிரிக்க வேண்டும். அதைப் பெட்டியில் எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. நாளைக்கு விடிய, பழம் பிடுங்கப் போகிறவர்களோடு நானும் காட்டுக்குப் போகிறேன்.