கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகும்: ரோபோகான் பட்டறை நாட்குறிப்பு

ஜனவரி 6

பொறியியல் மாணவர்களுக்கான தேசிய ரோபோ போட்டியான டிடி ரோபோகானுக்குத் தயாராகும் எங்கள் கல்லூரி அணியில், இந்த ஆண்டு நியூமாட்டிக் அமைப்பு, அதாவது அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் பாகங்கள் முழுவதும் என் பொறுப்பில் வந்திருக்கிறது. ரோபோவில் எந்த இடத்திலும் காற்றழுத்தம் 600 கிலோபாஸ்கலை, அதாவது 6 பாரைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி. கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருந்தாலும், ரோபோவின் தூக்கும் கைக்கு நாங்கள் தேர்ந்திருக்கும், காற்று பிஸ்டனைத் தள்ளும் 32 மி.மீ. உள்விட்டச் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் 480 நியூட்டனுக்குச் சற்று மேலான விசையைத் தரும். ஏறத்தாழ 49 கிலோ எடையைத் தாங்கும் அந்த விசைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு விரல் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் ஆண்டுத் தம்பிகளுக்கு இன்று கணக்குப் போட்டே காட்டினேன்.

ஜனவரி 9

காற்றைச் சேமிக்கப் பழுதில்லாத பிளாஸ்டிக் பாட்டிலைப் பயன்படுத்த விதி இடமளிக்கிறது. நான்கு புதிய 2 லிட்டர் சோடா பாட்டில்களை எடுத்தோம். குடிநீர் பாட்டில்கள் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் அவற்றைத் தொடவில்லை.

சோதனையை நேரடியாகக் காற்றில் செய்யலாமே என்று ஒரு தம்பி கேட்டான். 6 பாரில் நிரம்பிய 2 லிட்டர் பாட்டில் திடீரென வெடித்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 900 ஜூல். அது 10 கிலோ எடையை 9 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். தண்ணீரோ அநேகமாகச் சுருங்குவதே இல்லை. ஆகையால் தண்ணீர் நிரம்பிய பாட்டில் கிழிந்தாலும் நீர் பீய்ச்சுவதோடு அழுத்தம் இறங்கிவிடும். உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, மரப்பெட்டிக்குள் வைத்து, 9 பார் வரை ஏற்றிப் பத்து நிமிடம் நிறுத்தினோம். மூன்று பாட்டில்கள் அசையவில்லை. நான்காவதில் மூடி வழியாக நீர் கசிந்ததால், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி அதை வெட்டிப் போட்டோம்.

ஜனவரி 19

பொங்கல் விடுமுறை முடிந்து இணைப்பு வேலை தொடங்கியது. காற்று செல்லும் பியூ (பாலியூரிதேன்) டியூப்பைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினால், அதைச் செருகும் புஷ் ஃபிட்டிங்கில் ஓரம் சரியாக அமராது. இனி டியூப் கட்டர் மட்டும்தான். டெஃப்லான் டேப்பை முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். இல்லையேல் பிசிறு உள்ளே போய், மின்சாரத்தால் காற்றின் வழியைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வை அடைத்துவிடும். சோப்பு நீர் தடவியதில் இரண்டு இடங்களில் குமிழி வந்தது, சரிசெய்தோம்.

அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டருக்குப் பின்னால் யாரோ ஒரு பால் வால்வைப் போட்டிருந்தார்கள். பால் வால்வு வழியை அடைக்குமே தவிர, அடைத்த பிறகு அப்பால் இருக்கும் காற்றை வெளியே விடாது. மூடும்போதே அப்பாலுள்ள காற்றை வெளியேற்றும் ஸ்லைடு வால்வை அதே இடத்தில் மாட்டினோம்.

ஜனவரி 24

இன்று நடந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன். ஸ்லைடு வால்வை மூடினோம். பாட்டில்களையும் காலி செய்தோம். அழுத்தத்தைக் காட்டும் இரண்டு கேஜ்களும் பூஜ்யம் காட்டின. அதை நம்பித் தூக்கும் கையின் டியூப்பை மாற்ற ஒரு தம்பி ஃபிட்டிங்கை அழுத்தியவுடன், டியூப் சாட்டைபோல் சுழன்று அவன் கண்ணாடியில் அடிக்க, மேலே நின்றிருந்த கை ஓர் அடி கீழே விழுந்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. "கேஜ்ல ஒண்ணுமே இல்லையேண்ணா" என்று அவன் நடுங்கியபடி சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது.

காரணம் என் வரைபடத்தில்தான் இருந்தது. பாட்டிலில் அழுத்தம் குறைந்தாலும் கை இறங்காமல் நிற்க வேண்டும் என்று அந்தச் சிலிண்டருக்கு முன்னால் காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் நான்ரிட்டர்ன் வால்வு ஒன்றை நான் சேர்த்திருந்தேன். அது தன் வேலையைச் செய்து, ஸ்லைடு வால்வு வெளியேற்ற முயன்ற காற்றையும் திரும்பி வரவிடாமல் சிறைபிடித்திருந்தது. கேஜ்கள் பொய் சொல்லவில்லை. அவை அந்த வால்வுக்கு முந்தைய பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன.

ஜனவரி 25

நான்ரிட்டர்ன் வால்வைக் கழற்றிவிட்டேன். கையை மேலே நிறுத்தி வைக்க இனி காற்றை நம்பப்போவதில்லை; நாங்கள் ரோபோவில் வேலை செய்யும்போது சட்டத்தில் 8 மி.மீ. எஃகு ஊசி ஒன்றைக் குறுக்கே செருகிவிட வேண்டும். சிலிண்டருக்கு மிக அருகில் மூன்றாவது கேஜும் பொருத்தியாயிற்று. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ கண்ட்ரோல் வழியாகக் காற்று மெதுவாகவே வெளியேறுவதால், அந்த கேஜின் முள் விழச் சில நொடிகள் ஆகின்றன. அதுவரை யாரும் கை வைப்பதில்லை.

ஜனவரி 31

இன்னோர் ஆபத்து இன்று தெரிந்தது. எங்கள் ஃப்ளோ கண்ட்ரோல்கள் சிலிண்டரிலிருந்து வெளியேறும் காற்றைத்தான் நெரிக்கின்றன. முழுதும் காலியான சிலிண்டரில் நெரிக்கக் காற்றே இல்லாததால், மீண்டும் அழுத்தம் ஏற்றியவுடன் பிஸ்டன் தண்டு முதல் முறை எந்தத் தடையுமின்றிப் பாய்கிறது. ஆகவே ரெகுலேட்டரை 1 பாரில் வைத்து, எல்லாச் சிலிண்டர்களையும் ஒருமுறை நீட்டி மடக்கிய பிறகே அழுத்தத்தை உயர்த்துகிறோம்.

மாலையில் எமர்ஜென்சி பொத்தானை அழுத்தி, ஸ்லைடு வால்வை மூடி, பாட்டில்களைத் திறந்துவிட்டு, மூன்று கேஜ்களையும் உரக்கப் படித்தோம். பிறகு அன்று நடுங்கிய அதே தம்பி, ஊசியைச் செருகிய பின், ஒவ்வொரு டியூப்பாகக் கழற்றினான். எதிலிருந்தும் சத்தம் வரவில்லை.