நாற்பது டன் கல்லின் முன்னால்

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் கனரகச் சரக்குகளைக் கிரேனில் தூக்கத் திட்டம் போடுவது என் வேலை. எடை என்ன, சங்கிலியை எங்கே மாட்டுவது, தரை தாங்குமா, சைகை காட்டப்போவது யார் என்று எழுதி முடிக்காமல் ஒரு பெட்டியையும் அசைக்க விடமாட்டேன். அந்தக் கண்ணோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார்க்‌ஷயரின் கிழக்கே இருக்கும் ரட்ஸ்டன் கிராமத்துக்குப் போனேன்.

அங்கே தேவாலயக் கல்லறைகளுக்கு நடுவே, பிரிட்டனிலேயே மிக உயரமான குத்துக்கல் நிற்கிறது. தரைக்கு மேல் 7.6 மீட்டர். அகலம் ஏறத்தாழ 1.75 மீட்டர், கனம் ஒரு மீட்டர். நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். வெளியே தெரிவதே 30 டன்னை ஒட்டி வருகிறது. மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்தால், 40 டன் என்று சொல்வது மிகையில்லை.

எடையைவிடத் தூரம்தான் என்னை உலுக்கியது. அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. இதுவோ சொரசொரப்பான மணற்கல். இந்த வகைக் கல் கிடைக்கும் மிக அருகிலுள்ள இடம் வடக்கே 16 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருக்கிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன், கயிறும் மரக்கட்டையும் மனிதத் தோளும் மட்டுமே இருந்த காலம் அது.

எதற்காக நட்டார்கள்? இறந்தவர் நினைவாக என்கிறார்கள், எல்லை அடையாளம் என்கிறார்கள், வானம் பார்க்க என்கிறார்கள். எல்லை காட்ட ஒரு மரக்கம்பம் போதும்; அதற்காக யாரும் 40 டன்னை இழுக்க மாட்டார்கள். ஊரைச் சுற்றி, பள்ளமும் வரப்புமாக நீளும் புதிய கற்கால அடைப்புகள் நான்கு இருக்கின்றன. பல திசைகளிலிருந்து சனங்கள் வந்து கூடிய இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கூடியவர்கள் வடம் பிடித்து, முட்டுக் கொடுத்து, ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு இழுத்திருக்கிறார்கள். அந்தக் குரல் தவறியிருந்தால் ஆட்கள் நசுங்கியிருப்பார்கள். என் தொழிலில் இது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஊர்க் கதையோ, தேவாலயத்தைக் குறிவைத்துச் சாத்தான் எறிந்த கல் இது என்கிறது. அத்தனை பேர் உழைப்பையும் சாத்தான் கணக்கில் எழுதிவிட்டார்களே என்று மனம் வலித்தது.

1773-இல் இதன் உச்சியில் ஈயத் தகடு போர்த்தினார்கள். அது பின்னர் அகற்றப்பட்டாலும் இன்றும் ஒரு மூடி இருக்கிறது. மழைநீர் விரிசலில் இறங்கி உறைந்தால் கல் பிளந்துவிடும். தூறல் தொடங்கியது. அந்த மூடியின் விளிம்பிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.