தெப்பத்தை இழுக்கும் கம்பி

அத்தைக்கு நெஞ்செரிச்சல் வந்த இரவுகளில் சமையலறை விளக்கு எரியும். கதவுக்கடியில் அந்த வெளிச்சக் கோடு தெரிந்ததும் நான் எழுந்து போய்விடுவேன். டர்பனில் எங்கள் பகுதியான சாட்ஸ்வர்த் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். அவர் மட்டும் அடுப்பு மேடையைப் பிடித்தபடி நின்றிருப்பார். உட்கார்ந்தால் கூடப் புளிப்பு தொண்டைக்கு ஏறும் என்பார். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் புண் இல்லை என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க ஒரு திரவ மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்.

போன மார்ச்சில் ஒரு ராத்திரி அத்தை சொன்னார்: "கண்ணு, புது பாட்டில் முன்ன மாதிரி நிக்கலம்மா. குடிச்சதும் சுகமாத்தான் இருக்கு. கொஞ்ச நேரத்துல மறுபடி ஏறுது."

மருந்துக் கடையில் பழையது தீர்ந்துபோய், அதே சரக்கு என்று வேறொரு தயாரிப்பைக் கொடுத்திருந்தார்கள். நான் டர்பனில் ஒரு கல்லூரியின் மருந்தாக்கவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வகை மருந்தைச் சோதிப்பது எனக்கு அன்றாட வேலை. இரண்டு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

இதில் முக்கியமான சரக்கு மூன்று: சோடியம் ஆல்ஜினேட், சோடியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. 1881-ல் ஸ்டான்போர்ட் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் அதைக் கண்டறிந்து சொன்னார். எங்கள் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில், குளிர்ந்த நீரில் காடாக வளர்கிற கடல் மூங்கில் என்ற பாசியிலும் அது இருக்கிறது. மருந்து வயிற்று அமிலத்தைத் தொட்டதும் ஆல்ஜினேட் உறைந்து ஜெல்லாகிறது. பைகார்பனேட் கரியமில வாயுவாகப் பொங்க, குமிழ்கள் ஜெல்லுக்குள் சிக்கி, மொத்தமும் மேலே மிதக்கிறது. கார்பனேட் கரையும்போது வெளிவரும் கால்சியம், ஆல்ஜினேட் இழைகளை ஒன்றோடொன்று பூட்டி உறுதியாக்குகிறது. அதே கால்சியம் பாட்டிலுக்குள் ஏன் உறைய வைப்பதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். அங்கே அமிலம் இல்லை. கார்பனேட் கரையாமல் தூளாகவே கிடக்கிறது.

இப்படி மிதப்பதை நாங்கள் தெப்பம் என்போம். சாப்பிட்டதும் உணவு கலந்து வயிற்றின் அமிலம் தணிந்துவிடும். ஆனால் உணவுக்குழாய் வந்து சேரும் வயிற்றின் வாய்க்கருகில் மட்டும் தணியாத அமிலம் குட்டையாகத் தேங்கி நிற்கிறது என்று 2001-ல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு எரிவதற்கு அது ஒரு காரணம். தெப்பம் போய் உட்கார வேண்டிய இடமும் அதுதான்.

தெப்பத்தின் வலுவை அளக்க பிரிட்டிஷ் மருந்து நூலில் ஒரு முறை உண்டு. 150 மில்லி, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பீக்கரில் ஊற்றி 37 டிகிரியில் வைக்க வேண்டும். ட எழுத்தைப் போல மடங்கிய எஃகுக் கம்பி ஒன்றை அதில் முதலிலேயே தொங்கவிட வேண்டும். பிறகு ஒரு வேளை மருந்தை ஊற்றி 30 நிமிடம் அசைக்காமல் விட்டால், கம்பியைச் சுற்றித் தெப்பம் கட்டும். அப்புறம் கருவி கம்பியை நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் மேலே இழுக்கும். தெப்பம் கிழிகிற நேரத்தில் பதிவாகும் உச்ச விசைதான் அதன் வலு. 7.5 கிராமுக்குக் குறையக் கூடாது.

கம்பி முதலிலேயே உள்ளே இருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெப்பம் கட்டிய பிறகு கம்பியைச் சொருகினேன். சொருகிய இடத்திலேயே கிழிசல் விழுந்துவிட்டது. நல்ல மருந்தொன்றைத் தேறாதது என்று எழுதிக்கொடுக்க இருந்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பீக்கரின் அகலமும் அப்படித்தான்: அகலமானதில் தெப்பம் மெலிந்து பரவும், எண் மாறிவிடும். மின்வெட்டில் வெந்நீர்த் தொட்டி ஆறிப்போன நாட்களின் அளவுகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திரும்பச் செய்திருக்கிறேன்.

அத்தையின் இரண்டு பாட்டிலுமே தேறின. புதியதற்குத்தான் எண் கூட.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அத்தை மறுத்துப் பேசவில்லை. "எனக்குக் காட்டு" என்றார். அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வெள்ளை வினிகரை வெதுவெதுப்பாக்கி இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அதில் மருந்தை விட்டேன். இரண்டிலும் நுரைத்து மேலே வந்து ஆடை கட்டியது. கரண்டியால் தூக்கிப் பார்க்கச் சொல்லி நீட்டினேன். அத்தை கரண்டியை வாங்கவே இல்லை. டம்ளரைக் கையில் எடுத்து, கஷாயத்தை ஆற்றுவது போல மெதுவாகச் சுழற்றினார். பழையது ஒரே வில்லையாகச் சுற்றி வந்தது. புதியது திரிதிரியாகப் பிரிந்து இறங்கியது.

"வயிறு சும்மாவா இருக்கும் கண்ணு?" என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தெப்பங்களை மூடியிட்ட பாட்டிலில் அமிலத்தோடு போட்டு, தலைகீழாக உருட்டும் கருவியில் மாட்டினேன். குறித்த நேரங்களில் நிறுத்தி, சல்லடையில் கொட்டி, எவ்வளவு பெரிய துண்டுகள் மிஞ்சின என்று பார்த்தேன். உருட்டலுக்கு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கும் இந்த முறை புதிதல்ல. நான்தான் நேரம் பிடிக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். மூன்று முறை செய்தும் புதியது முந்திச் சிதைந்தது. சைனா கிராஸையும் அல்வாவையும் நினைத்துப் பாருங்கள். சைனா கிராஸ் விறைப்பாக நிற்கும், ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அப்படியே பிளந்துவிடும். அல்வா குழையும், பிரியாது. ஆல்ஜினேட் இழை குலுரோனிக், மன்னுரோனிக் என்ற இரண்டு வகைக் கண்ணிகளால் ஆனது. குலுரோனிக் மிகுந்தால் ஜெல் விறைக்கும், மன்னுரோனிக் மிகுந்தால் இளகும். இந்தப் புதிய மருந்தில் எது எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. ஒரு பாட்டிலை வைத்து அந்தத் தயாரிப்பையே குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரே இழுப்பில் கிழிக்கும் கம்பியும் ஓயாமல் பிசைகிற வயிறும் வேறு வேறு கேள்விகள். இத்தனை வருடம் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறுத்துகிறது.

அத்தைக்குப் பழைய மருந்தே வேறொரு கடையில் கிடைத்தது. சாப்பிட்ட பிறகு குடித்துவிட்டு, அதன்மேல் தண்ணீர் குடிக்காமல், ஒரு மணி நேரம் சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். என் பதிவேட்டில் வலுவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன். தலைப்பு என்ன வைப்பது என்று யோசித்துவிட்டு, "நிற்கிறதா?" என்று தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.