அரிஸ்டோபனீஸின் ஒரே வரியில் ஒரு சலுகை, ஒரு மீறல்

ஹொச தே தெதேக்மை தேன் எமவ்தூ கர்தியான்.

பண்டைக் கிரேக்க நகைச்சுவை நாடகக் கவிஞர் அரிஸ்டோபனீஸ் எழுதி, கி.மு. 425இல் மேடையேறிய 'அக்கார்னியர்கள்' நாடகத்தின் முதல் வரி இது. பேச்சுப் பகுதிக்கான அயாம்பிக் டிரைமீட்டர் என்ற யாப்பு. வரிக்கு மூன்று துண்டு, துண்டுக்கு நான்கு இடம்: முதலிடத்தில் குறிலோ நெடிலோ வரலாம், அடுத்து நெடில், குறில், நெடில். ஆக 12 அசை. 'கர்' போல மெய்யில் முடியும் அசையும் நெடில் கணக்குதான்.

ஆனால் இந்த வரியை எண்ணிப் பாருங்கள், 13 வரும். முதலிடத்தில் 'ஹொச' என இரண்டு குறில். துன்பியல் நாடகத்தில் இந்தச் சலுகை, ஆள், ஊர் போன்ற சிறப்புப் பெயர்களை விட்டால், முதல் சீரோடு (சீர் என்றால் துண்டில் பாதி, இரண்டு இடம்) சரி. நகைச்சுவையில் கடைசிச் சீர் தவிர எங்கும் உண்டு. அடுத்து, 'எமவ்தூ' நெடிலில் முடிந்து, பிறகு மூன்றசைச் சொல்லோடு வரி முடிகிறது. துன்பியல் கவிஞர்கள் கவனமாகத் தவிர்த்த இடம் இது. ஆங்கிலேயக் கிரேக்க அறிஞர் ரிச்சர்ட் போர்சன் கண்டுசொன்ன விதி. அரிஸ்டோபனீஸ் அதைச் சட்டையே செய்வதில்லை; பேச்சு பேச்சாகவே ஒலிப்பது இதனால்தான். எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே.

அலகிடும்போது பலர் தடுக்குவது 'பத்ரொஸ்' போன்ற சொற்களில். ஹோமரில் 'பத்' நெடிலாகலாம். ஏதென்ஸ் நகைச்சுவையில் 'த்ர' சேர்ந்தே அடுத்த அசைக்குப் போய்விடும், 'ப' குறிலாகவே நிற்கும். 'க்ன' (gn), 'ப்ல' (bl) வகையில் ஒலிப்புடைய மெய், அதாவது தொண்டை அதிர ஒலிக்கும் மெய், வந்தால் மட்டும் பெரும்பாலும் நெடில்.