ஸ்டவர்பிரிட்ஜ் டவுன்: ஒரே பிளாட்பாரம், ஒரே வண்டி

அலமாரிப் பலகையில் அடங்குகிற அளவில் குட்டி மாடல் ரயில்வே ஒன்று செய்ய வேண்டும், பாயின்ட் (தடம் மாற்றும் இணைப்பு), சிக்னல் தொல்லையே கூடாது என்று நெடுநாளாக ஆசை. அதற்கென்றே கட்டிவைத்தது போல இங்கிலாந்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பர்மிங்ஹாமுக்கு மேற்கே உள்ள ஸ்டவர்பிரிட்ஜ் ஊரில் பெரிய ரயில்களெல்லாம் ஜங்ஷனில் நின்று போய்விடும். கடைத்தெருப் பக்கம் போக வேண்டியவர்களுக்கு அங்கிருந்து 0.8 மைல் கிளைப்பாதை ஒன்று உண்டு. அதன் மறுமுனைதான் 1879-ல் திறந்த டவுன் ஸ்டேஷன். ஒரே பிளாட்பாரம், பக்கத்திலேயே பேருந்து நிலையம். பயணம் 3 நிமிடம். முழுப் பாதையையும் 1:76 அளவில், அதாவது நிஜத்தில் 76-ல் ஒரு பங்காக, போட்டாலே ஏறக்குறைய 17 மீட்டர் வரும் என்பதால், டவுன் முனையை மட்டும் 1.2 மீட்டர் பலகையில் எடுத்துக்கொண்டேன்.

2009-லிருந்து அங்கே ஓடுவது 139 வகை வண்டி. நான்கே சக்கரம், 9.6 மீட்டர் நீளம், பார்த்தால் மினிபஸ்ஸைத் தண்டவாளத்தில் ஏற்றியது போல இருக்கும். என் அளவில் 126 மி.மீ. முன்பு ஓடிய 153 வகை டீசல் பெட்டியைச் செய்திருந்தால் 30 செ.மீ. ஆகியிருக்கும், பலகையில் கால்வாசி அதற்கே போயிருக்கும்.

இந்த வண்டியின் சுவாரசியம் வயிற்றுக்குள் இருக்கிறது. எல்பிஜியில் ஓடும் 2.3 லிட்டர் ஃபோர்டு எஞ்சின் ஒன்று, அதோடு 500 கிலோ எடையும் 1 மீட்டர் விட்டமும் உள்ள இரும்பு ஃபிளைவீல், அதாவது சுழற்சியில் சக்தியைச் சேமித்துவைக்கும் கனமான சக்கரம். பாதை ஜங்ஷனிலிருந்து டவுனை நோக்கி 67-க்கு 1 என்ற சரிவில் இறங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தி ஃபிளைவீலைச் சுழற்றுகிறது, திரும்ப ஏறும்போது அதுவே எஞ்சினுக்குக் கைகொடுக்கிறது. மேலும் கீழும் போய் வருவதே வேலை என்கிற பாதைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது. சிறிய எஞ்சினே போதுமானதற்குக் காரணமும் இதுதான்.

சரி, என் வண்டிக்கும் ஃபிளைவீல் வைக்காமல் விடுவதா? கணக்குப் போட்டேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 500 கிலோவை 76-ஆல் மூன்று முறை வகுத்தால் 1.1 கிராம்தான். அது ஈயை ஓட்டக்கூடக் காணாது. அதனால் எடையில் நியாயம் பார்க்காமல், விட்டத்தை மட்டும் 13 மி.மீ. என்று சரியாக வைத்து, 5 மி.மீ. தடிமனில் பித்தளை வட்டு கடைந்து வாங்கினேன். கிட்டத்தட்ட 6 கிராம். என்கோடர் (சுழற்சியை அளக்கும் கருவி) மாட்டுவதற்காகப் பின்பக்கமும் தண்டு நீண்டிருக்கும் என்20 என்ற குட்டி கியர் மோட்டார் கிடைக்கிறது, வட்டு அந்தத் தண்டில். கியருக்கு அப்பால் சக்கரத்தோடு சேர்த்து மாட்டினால் சுழற்சி மெதுவாகிவிடும், பயனே இருக்காது. நிஜ வண்டியில் ஃபிளைவீல் படுத்த வாக்கில் சுழல்கிறது, என்னுடையது நின்ற வாக்கில். ஜன்னல் வழியே தெரியாமல் சீட் வரிசை மறைத்துவிடுகிறது.

இது வெறும் அலங்காரமும் இல்லை. நான்கு சக்கரக் குட்டி வண்டிகளுக்கு ஒரு சாபம் உண்டு: தண்டவாளத்தில் துளி அழுக்கு இருந்தாலும் மின்சாரம் விட்டுப்போய் அங்கேயே நின்றுவிடும். வட்டு மாட்டிய பிறகு அந்த இடங்களை லேசாகத் தயங்கியபடி கடந்துவிடுகிறது.

வேகம்தான் இழுத்தடித்தது. 0.8 மைலை 3 நிமிடத்தில் கடக்கும் வண்டி என்றால் என் அளவில் நொடிக்கு 9 செ.மீ.தான் போக வேண்டும். கடையில் வரும் மாதிரி வண்டிகளை நாம் வழக்கமாக ஓட்டுவது இதைவிட எவ்வளவோ வேகம். அதிகக் குறைப்பு விகிதமுள்ள கியர் போட்டதும் சரியாக வந்தது, கொஞ்சம் இரைச்சல் கூடியது. சரிவையும் விடவில்லை. பலகையின் ஒரு முனையை 18 மி.மீ. தூக்கினால் 67-க்கு 1 வந்துவிடுகிறது. பிளாட்பாரத்தையும் அந்தச் சரிவிலேயே விட்டிருக்கிறேன்.

தானாகப் போய்வர ஓர் ஆர்டுவினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), இரு முனையிலும் காந்தத்தை உணரும் ஹால் சென்சார், வண்டியடியில் காந்தத் துண்டு. நிஜத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி. வீட்டில் அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை, 40 நொடியாக வைத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் அட்டையில் கூடு முடிந்து, வெள்ளை பிரைமர் அடித்தாயிற்று. இனி மேற்கு மிட்லாண்ட்ஸ் ரயில்வேயின் ஊதா நிறம். அப்புறம் பிளாட்பாரக் கூரை, டிக்கெட் அறையின் செங்கல் சுவர். பேருந்து நிலையத்தைப் பின்னணிப் படமாக ஒட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.